கட்டில் நகரும்

"இந்த இடத்துல தரை மூச்சு விடுதுப்பா" என்று என் தாயார் முதன்முதலில் சொன்னபோது நான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது யார் எது சொன்னாலும் "சரி அம்மா" என்பது என் வழக்கம். அன்றும் அப்படியே சொன்னேன். தரை மூச்சு விடுகிறது என்று சொன்னதற்குச் "சரி" என்பது எப்படிப் பதிலாகும் என்று அவள் கேட்கவில்லை. என் "சரி"களைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பழகிவிட்டது.

அது 2022-ஆம் வருஷம். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் இந்த வீட்டை, ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீடாக, 2018-இல் வாங்கினேன். வாங்கும்போது என் மனத்தைக் கவர்ந்தது படுக்கையறைதான். மற்ற இடங்களிலெல்லாம் பழைய மொசைக் தரை. அந்த ஓர் அறையில் மட்டும் பளபளவென்று மரத்தரை. தேக்கு மரத்தின் ரேகைகள் ஆற்று மணலில் காற்று போட்ட கோடுகளைப் போல ஓடின. கதாசிரியனுக்கு இது போதாதா? பத்திரம் பதிவாகிவிட்டது.

மரம் அல்ல அது என்று பிறகு தெரிந்தது. லேமினேட் பலகை என்கிறார்கள். ஸ்வீடன் தேசத்தில் மேஜைகளின் மேல் ஒட்டும் தகடு செய்துவந்த பெர்ஸ்டார்ப் என்ற கம்பெனி 1977-இல் கண்டுபிடித்த சரக்கு. நடுவில் மரத்தூளை நார் நாராக்கிப் பசை சேர்த்து வெந்நெருப்பில் அழுத்திய அட்டை. அதன்மேல் ஒரு காகிதம். அந்தக் காகிதத்தில் மரத்தின் புகைப்படம்! அதற்குமேல் தேயாமல் காக்கும் கண்ணாடி போன்ற பூச்சு. அந்தப் பூச்சில் அலுமினியம் ஆக்ஸைடு என்ற பொருளின் துகள்களைக் கலக்கிறார்கள். மாணிக்கக் கல்லும் அடிப்படையில் அதே பொருள்தான் என்று படித்து, அம்மாவிடம் "நீ மாணிக்கத்தின்மேல் நடக்கிறாய்" என்றேன். "படத்து மேல நடக்கிறேன்னு சொல்லு" என்றாள்.

அவள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் சாணி மெழுகிய தரையில் தவழ்ந்தவள். கல்யாணமாகி வந்த வீட்டில் காவிச் சிமெண்டுத் தரை. சாணித் தரையில் குழி விழுந்தால் அன்று சாயங்காலமே தெரியும். மறுநாள் மண் குழைத்து அடைத்துவிடுவார்கள். தரைக்கும் தரைக்கு மேலே இருப்பதற்கும் இடையில் அங்கே வேறு எதுவும் இல்லை. படத்தின்மேல் நடப்பது அவளுக்குப் புதிது. ஆகவேதான் எங்களுக்கெல்லாம் கேட்காத மூச்சு அவள் காலுக்குக் கேட்டது.

ஒருநாள் நானும் குதிகாலால் அழுத்திப் பார்த்தேன். கட்டிலுக்கும் குளியலறைக் கதவுக்கும் இடையே, அவள் இரவில் நடந்து போகும் வழியில், பலகை சற்றே தாழ்ந்து "ழுக்" என்ற சப்தத்தோடு மேலே வந்தது. உடனே ஆளை அழைத்திருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? பவானி ஜமக்காளம் ஒன்றை நாலாக மடித்து அந்த இடத்தில் விரித்தேன். சப்தம் நின்றது. பிரச்னை தீர்ந்தது என்று எனக்குத் தோன்றியது. எனக்குத்தான்.

இரண்டு வருஷம் ஜமக்காளம் அங்கேயே கிடந்தது. 2024 ஐப்பசியில் ஓர் இரவு, மழை கொட்டிக்கொண்டிருந்தது, மின்சாரமும் இல்லை, அம்மா அந்த ஜமக்காளத்தின் விளிம்பில் கால் தடுக்கி விழுந்தாள். தரை தள்ளவில்லை, தரையை மறைக்க நான் போட்டதுதான் தள்ளியது. எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னார். மணிக்கட்டு வீக்கம் பத்து நாளில் வடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு அம்மா அந்த அறைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போடலாம். கால் தரையை நம்பாமல் போனால் என்ன கட்டுப் போடுவது?

அதன் பிறகுதான் ஆசாரியும் கொத்தனாரும் வந்தார்கள்.

ஆசாரிக்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம் இருக்கும். அறையைச் சுற்றிச் சுவரோரமாக இருந்த சட்டங்களைக் கழற்றினார். பலகைக்கும் சுவருக்கும் இடையே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. வேலை தெரியாதவன் விட்ட குறை என்று நினைத்தேன். "அது வேணும் சார். மழைக்காலத்துல பலகை ஊதும், வெயில்ல சுருங்கும். நீட்டி மடக்க இடம் வேணாமா?" என்றார். பிறகு சுவரோரப் பலகையைச் சாய்வாக உயர்த்தினார். பக்கத்துப் பலகையின் நாக்கிலிருந்து அது சுலபமாகக் கழன்று வந்தது. ஆணி இல்லை, பசை இல்லை. ஆரம்பத்தில் இந்தப் பலகைகளைப் பசை போட்டுத்தான் ஒட்டினார்களாம். 1996, 1997-ஆம் வருஷங்களில் ஸ்வீடனிலும் பெல்ஜியத்திலும் பசையில்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் முறை வந்தது. அது வந்திராவிட்டால் என் தரை அன்று சுள்ளியாகிப் போயிருக்கும்.

ஒவ்வொரு பலகையின் முதுகிலும் காகிதப் பட்டை ஒட்டி எண் எழுதினார். முதல் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இப்படியே 18 வரிசை, சின்னதும் பெரியதுமாக 72 துண்டுகள். பழைய கோயில் மண்டபத்தைப் பிரிக்கும்போது கல்லுக்குக் கல் எண் போடுவார்கள். அந்தச் சிரத்தையோடு அவர் ஒரு புகைப்படத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். எண் எதற்கு, எல்லாம் ஒரே மாதிரிதானே என்று கேட்டேன். பூட்டு ஒன்றுக்கொன்று பழகியிருக்கும், இடம் மாறினால் முரண்டு பிடிக்கும் என்றார். இந்த இடத்தில் தாம்பத்தியத்தைப் பற்றி நாலு வரி எழுத என் பேனா துடிக்கிறது. வேண்டாம், அது எல்லோரும் எழுதியதுதான்.

பலகைகள் நீங்கியபின் கீழே பார்த்தோம். மொசைக் தரையின் நடுவே, குளியலறைச் சுவரிலிருந்து ஜன்னல்வரை, ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு வடு. எப்போதோ சாக்கடைக் குழாய் மாற்றியிருக்கிறார்கள். தோண்டிய பள்ளத்தில் உடைந்த செங்கலையும் மண்ணையும் அள்ளிப் போட்டு, கெட்டிக்காமல், மேலே ஒரு விரற்கடை சிமெண்டைத் தடவி, அது உள்வாங்கத் தொடங்கியதும் பலகையால் மூடிவிட்டார்கள். கொத்தனார் ஆறடி மட்டப்பலகையைக் குறுக்கே வைத்து அளந்தார். நடுவில் 14 மில்லிமீட்டர் பள்ளம். இந்த மாதிரிப் பலகை போட வேண்டுமானால் இரண்டு மீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது என்பது கணக்கு.

"அழகுக்குப் போட்டதில்லை சார் இது. மறைக்கப் போட்டது" என்றார் கொத்தனார்.

என் கோபத்தை வர்ணிக்கப் போவதில்லை. வீட்டை விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன். மரியாதைஸ்தர், வருஷப் பிறப்புக்கு இன்னும் வாழ்த்து அனுப்புகிறவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் எதையும் மறைச்சுச் சொல்லலையே சார். நீங்க கேக்கலை" என்றார்.

நீங்க கேக்கலை! இந்த இரண்டு வார்த்தைக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவன் நான். தத்துவம் பேச எனக்கு யோக்யதை போதாது. ஆனால் வக்கீல் நண்பர் ஒருவர் உண்டு. அவரிடம் போனேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் பதினேழாவது பிரிவைக் காட்டினார். நான் படித்த பல சிறுகதைகளைவிட ரஸமாக இருந்தது அது. ஒருவன் ஏலத்தில் குதிரை விற்கிறான். குதிரைக்கு நோய் இருப்பது அவனுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. இது மோசடி அல்ல என்கிறது சட்டம். அடுத்த வரியில், வாங்குகிறவள் அவனுடைய மகள், அப்போதுதான் மேஜரானவள். இப்போது அவன் சொல்லியே தீரவேண்டும். அதற்கும் அடுத்த வரியில், "நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குகிறவன் சொல்கிறான். விற்பவன் பேசாமல் இருக்கிறான். இங்கே அவன் மௌனம் பேச்சுக்குச் சமம்.

குதிரை ஒன்றேதான், நோயும் ஒன்றேதான். எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து மௌனம் ஒருமுறை மௌனமாகவும், மறுமுறை பொய்யாகவும் ஆகிவிடுகிறது. இதை எழுதிய வெள்ளைக்காரனுக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது.

"ஆனால் உன் சமாசாரம் குதிரை இல்லை, வீடு" என்றார் நண்பர். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு வேறு விதம். விற்கிறவனுக்குத் தெரிந்து, வாங்குகிறவனுக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாமல் முக்கியமான குறை ஏதாவது இருந்தால், விற்கிறவன் அதைச் சொல்லக் கடமைப்பட்டவன். கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. குதிரை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யார் பார்க்க முடியும்? "வழக்குப் போடலாமா?" என்றேன். பள்ளத்தை மூடுவதற்கு ஆகும் செலவையும், ஆறு வருஷம் கழித்து வழக்கு நடத்த ஆகும் செலவையும் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீடு விற்கும் இந்தத் தர்மசங்கடம் புதிதல்ல. ரோமாபுரியின் சிசரோ, கிறிஸ்து பிறப்பதற்கு 44 வருஷம் முன்பு, தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இதே வழக்கு வருகிறது. ஒரு நல்ல மனிதன் வீட்டை விற்கிறான். படுக்கையறைகளிலெல்லாம் பூச்சி பொட்டு உண்டு, மரம் மட்டமானது, இடிந்து விழக்கூடியது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சொல்ல வேண்டுமா? ஒரு குருவும் சீடனும் இரண்டு பக்கம் நின்று வாதாடுகிறார்கள். குரு டயஜெனிஸ்; பீப்பாயில் வசித்த டயஜெனிஸ் அல்ல, பாபிலோன்காரர். வாங்கு என்று யாரும் வற்புறுத்தவில்லை, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. வீட்டுக்காரனே தண்டோரா போட்டு "ஓட்டை வீடு விலைக்கு" என்று கூவினால் அதைவிட அசட்டுத்தனம் உண்டா என்கிறார். சீடர் ஆன்டிபேட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. வழி தவறியவனுக்கு வழி சொல்லாமல் போவது ஆதென்ஸில் சாபத்துக்குரிய பாவம். இது அதைவிடக் கொடியது, ஏனென்றால் தெரிந்தே ஒருவனைத் தப்பான வழியில் அனுப்புகிறாய் என்கிறார். சிசரோ சீடரின் பக்கம் சேர்ந்தார். நானும் சேர்ந்தேன். என் வீட்டில் பள்ளம் விழுந்திருக்கும்போது குருவோடு சேர என்னால் எப்படி முடியும்?

சேர்ந்த பிறகுதான் ஜமக்காளம் நினைவுக்கு வந்தது.

விற்றவர் மூடியது பலகையால். நான் மூடியது ஜமக்காளத்தால். அவருக்காவது, இனி இந்த வீட்டில் நடக்கப் போகிறவர்கள் யாரோ அந்நியர். எனக்கு? சட்டப் புத்தகத்தில் வரும் மகளைப் போல, என்னை நம்பித்தான் ஆகவேண்டிய என் தாயார். அதிலும், "நீங்க கேக்கலை" என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அவள் கேட்டிருந்தாள். "தரை மூச்சு விடுது" என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

வேலை நடந்தது. கொத்தனார் பள்ளத்தைத் திறந்து, கிடந்த குப்பையை வாரி, குழாயில் கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டார். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்தார். ஒவ்வோர் இடிக்கும் ஹாலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த அம்மா "உம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கதை கேட்கிற குழந்தையைப் போல. மேலே கான்கிரீட், அதற்குமேல் கலவை போட்டு மட்டப்பலகையால் இழுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். பிறகு காத்திருந்தோம். ஈரமான சிமெண்டின்மேல் இந்தப் பலகையைப் போட்டால் அப்பளம்போல ஊதிவிடும். பாலிதீன் தாளை நாலு பக்கமும் ஒட்டி வைத்து, ஓர் இரவு கழித்து அடியில் வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். மூன்று தடவை வியர்த்தது. நாலாவது தடவை வியர்க்கவில்லை. அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அத்தனை நாளும் 72 பலகைகளும் ஹாலில் படுக்கையாக அடுக்கிக் கிடந்தன. பார்க்க வந்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

பழைய கதை ஒன்று உண்டு. கிரேக்க வீரன் தீஸியஸின் கப்பலை ஆதென்ஸ் நகரத்தார் பாதுகாத்து வந்தார்கள். பலகை மக்க மக்க ஒவ்வொன்றாக மாற்றினார்கள். எல்லாப் பலகையும் மாறிய பின் அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் சண்டை போட்டார்கள். என் வீட்டில் தலைகீழ். பலகைகள் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே இருந்த தரை மாறிவிட்டது. அந்த அறிஞர்கள் என் வீட்டுக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! அவர்களுக்கும் காப்பி கொடுத்துப் பலகையின்மேல் உட்காரவைத்திருப்பேன்.

மறுபடி பூட்டும் நாள் வந்தது. அடியில் விரித்திருந்த பழைய நுரை விரிப்பு நசுங்கிக் காகிதமாகியிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கினோம். பலகைகளில் 65 நன்றாக இருந்தன. பள்ளத்தின்மேல் கிடந்த 7 மட்டும், வருஷக்கணக்கில் தாழ்ந்து தாழ்ந்து எழுந்ததால், நாக்கு உடைந்திருந்தன. அதே நிறத்தில் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். அந்த மாதிரி இப்போது வருவதில்லை என்றார்கள். பூட்டுப் பொருந்துகிற வேறு நிறம் கிடைத்தது; கொஞ்சம் சிவப்பு ஓடியது.

ஆசாரிக்கு அது பிடிக்கவில்லை. "புதுசு எதுக்கு சார்? உடைஞ்ச ஏழையும் பசை போட்டு ஒட்டி, கட்டிலுக்கு அடியில போட்டுடறேன். அங்க யார் நடக்கப் போறா? யாருக்குத் தெரியும்?"

நியாயமான யோசனை. செலவு மிச்சம். கட்டிலுக்கு அடியில் உண்மையிலேயே யாரும் நடப்பதில்லை. அவர் என்னை ஏமாற்றவும் இல்லை. என்னிடம் கேட்டுத்தான் செய்யப் போகிறார். நான் தலையசைக்க வாயெடுத்தபோது ஹாலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கட்டில் நகராத வீடு உண்டாப்பா?"

ஆசாரி கையில் வைத்திருந்த பலகையைக் கீழே வைத்தார்.

கட்டில் நகரும். பிள்ளை பெற மகள் வந்தால் நகரும். காய்ச்சல்காரனுக்குக் காற்று வேண்டுமென்றால் ஜன்னலோரம் நகரும். 2020-இல் என் தகப்பனார் இறந்த அன்று ஊர் வீட்டில் நாலு பேர் சேர்ந்து கட்டிலைத் திண்ணைப் பக்கம் நகர்த்தினார்கள். முப்பது வருஷமாக அதன் கால்கள் அழுத்திய இடத்தில் காவித் தரை நாலு வட்டமாகப் புதுசு போல இருந்தது. அம்மா அன்று அழாமல் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஹாலிலிருந்து சொன்னது அதை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் நாங்கள் செய்தது இது. உடைந்த ஏழையும் ஒதுக்கிவிட்டோம். புதிய சிவப்புப் பலகைகளைக் கட்டிலுக்கு அடியில் போட்டு, அங்கே இருந்த நல்ல பலகைகளை எடுத்து நடக்கும் வழியில் போட்டோம். ஆசாரியின் எண்களெல்லாம் குழம்பிப் போயின. பூட்டு முரண்டு பிடிக்கத்தான் செய்தது, மரச் சுத்தியால் தட்டித் தட்டிச் சேர்த்தார். இதுவும் மறைப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். நிறத்தை மறைத்தோம், நொய்மையை மறைக்கவில்லை. என்றாவது கட்டில் நகர்ந்தால் அங்கே நடக்கிறவர் கண் ஒரு கணம் சுளிக்கும். கால் உள்ளே போகாது. வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லும்போது, நடந்ததை நடந்தபடி சொல்வது என்று ஆரம்பிக்கவில்லை. தீங்கு விளையாதபடி சொல்வது என்றுதான் ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் செய்தபோது அது ஏதோ பொய் சொல்ல இடங்கொடுப்பது போலத் தோன்றியது. இப்போது அது கொத்தனாரின் மட்டப்பலகையைப் போலத் தோன்றுகிறது. மரத்தின் புகைப்படம் யாரையும் விழத்தாட்டவில்லை. பள்ளம் விழத்தாட்டும்.

கட்டிலுக்கு அடியில் வெயில் படாமல் இருந்த ஏழு பலகைகளும் மற்றவற்றைவிடக் கறுப்பு. நடைபாதையில் அவை திட்டுத் திட்டாகத் தெரிகின்றன. வருகிறவர்கள் எல்லோரும் "இது என்ன?" என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் அலுக்கவில்லை.

இங்கே கட்டுரையை முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் எதிர் வீட்டு விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது.

எங்கள் தரைத்தளத்தில் இரண்டு வீடுகள். குழாய் மாற்றியபோது இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே மாற்றினார்களாம். ஒரே ஆள், ஒரே வேலை. எதிர் வீட்டிலும் படுக்கையறையில் மரத்தரை. என் வீட்டு வேலை நடந்தபோது அந்த வீட்டுக்காரர் வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இரண்டு மாதம் கழித்து வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். மகன் இருக்கும் ஊருக்குப் போகிறார்; மனைவிக்கு உடம்பு சரியில்லை; பணம் தேவை. "நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் சார்" என்றார். எது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தலையை ஆட்டினேனா என்று இப்போது நினைவில்லை, ஆட்டியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஓர் இளந்தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை. கூட ஒரு வயசான மாமியார், கையில் தடி. பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் கேட்டுக்கு அருகே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "சார், இங்க ரொம்ப நாளா இருக்கீங்களாமே. வீடு எப்படி?"

நான் விற்பவன் அல்ல. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் என்னைப் பேசச் சொல்லவில்லை. பேசினால் ஒரு நோயாளியின் வைத்தியச் செலவில் கை வைக்கிறேன். சிசரோவின் இரண்டு அறிஞர்களும் விற்கிறவனைப் பற்றித்தான் வாதாடினார்களே தவிர, பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசவில்லை. "நல்ல காற்றோட்டம்" என்றேன். "குடிதண்ணீர் வரும்" என்றேன். இரண்டும் உண்மை. இரண்டு உண்மைகளால் அந்தப் பள்ளத்தை நாலாக மடித்து மூடினேன்.

அவர்கள் தெருமுனை வரை போய்விட்டார்கள். மாமியாருக்காக மெதுவாக நடந்தார்கள். நான் பின்னாலேயே வேகமாகப் போய், மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னொரு தடவை வந்து பாருங்கள். படுக்கையறையில் ஜன்னல் பக்கம் போய்க் குதிகாலால் அழுத்திப் பாருங்கள்" என்றேன். அந்தப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஏன் சார்?" என்றான். "பாருங்கள்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், பள்ளம் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. முழுவதையும் சொல்லவில்லை, முழுவதையும் மறைக்கவும் இல்லை. ஆன்டிபேட்டர் என்னைத் தம் கட்சியில் வைத்துக்கொள்வாரா என்பது சந்தேகம்.

அவர்கள் மறுபடி வந்து பார்த்தார்கள். விலையில் பேரம் நடந்து, பள்ளத்தை மூடுகிற செலவு கழிந்து, வீடு கைமாறியது. எதிர் வீட்டுக்காரர் ஊருக்குப் புறப்படும்வரை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். சாமான் ஏற்றிய அன்று அவர் மனைவி மட்டும் வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனாள். அந்த அம்மாள் முகம் வெளுத்திருந்தது. கழிந்த அந்தத் தொகை அவளுக்கு எத்தனை மாதத்து மருந்து என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சரியா, தப்பா என்று கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. எழுந்து, சுவரைப் பிடிக்காமல், கறுப்புப் பலகைகளின்மேல் நடந்து குளியலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது, "அந்தக் குழந்தை நடக்க ஆரம்பிச்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.